வியாழக்கிழமைப் பெரட்டு

ஆகஸ்ட் 9, சனி

விடுமுறை முகாம் முடிய இன்னும் ஒரு வாரம். பதுளை பஜாரில் பேக் விற்கிற மொஹிதீனாகிய என் தலையில் பிள்ளைகளின் நாடக வகுப்பு. எப்போதோ வானொலியில் நாலு துணுக்கு வாசித்த பாவம். கங்காணி வேஷம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து விதுஷிகாவுக்கு. ஒட்டுமீசையோடு காலைப் பெரட்டில் நின்று, மலைக்குப் போகிற ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளென்றால் கணக்கு வாத்தியார் தயாபரன்கூடச் சிரிக்கிறார். அவர் சிரித்து அவருடைய மனைவியே பார்த்ததில்லையாம். டீச்சர்மார் பேச்சு, எனக்கென்ன.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விதுஷிகா மீசையைக் கழற்றாமலே வந்து நின்றாள். "சேர், அடுத்த ஞாயித்துக்கெழம விழாவுக்கு அம்மா வருவாங்க. நீங்க கொஞ்சம் பேசுங்க."

சாதாரண தரப் பரீட்சை நன்றாகப் பாஸ். கொழுந்து பறிக்கிற தாய் மாரியாயி கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பப் பேசி வைத்திருக்கிறாள். பதுளையில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்க முகாமுக்கு இரண்டு இடம் உண்டு. விழாவில் பெற்றோர் நேரில் வந்து சம்மதம் சொல்லும் பிள்ளைகளுக்குத்தான்.

"நான் நடிக்கிறத பாத்தாங்கன்னா மனசு மாறிரும் சேர்."

மீசையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வரவேண்டிய காட்சி. வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கூட்டம். முகாம் செயலாளர் செல்வரத்தினம் ஐயா: "பிரதம விருந்தினருக்கு ஞாயிறு ஏலாதாம். வியாழன் வைப்பம்."

துவாரகா டீச்சர்: "வேலைநாளெல்லோ ஐயா? தோட்டத்துச் சனம் எப்பிடி வரும்?"

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளாது. "பிரதம விருந்தினர்ட பேச்ச ஒருக்கா கேட்டா சனம் அடுத்த வருஷம் வராது டீச்சர். இந்த வருஷமே வராம இருந்தா கரைச்சல் மிச்சம்."

ஐயாவின் பொய்ப்பல் ஆடியது. டீச்சரும் சிரித்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. வியாழன் என்று முடிவாயிற்று.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி ஸுபைதா சிரிக்கவில்லை. "அப்ப அந்தப் புள்ளட உம்மா எப்படி வருவா?"

— அட.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐயாவிடம் ஓடினேன். "மொஹிதீன், நீர்தானே பகிடி விட்டு முடிச்சு வச்சனீர்?" என்றார். அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. நான் விளையாடவில்லை என்று அவரை நம்பவைக்கவே முடியவில்லை. பகிடிக்காரன் என்று பேரெடுத்த ஐம்பத்திரண்டு வருஷ உழைப்பு!

ஆகஸ்ட் 13, புதன்

மாரியாயிக்குப் போன் எடுத்தேன்.

"கொழுந்து ஏறிக் கெடக்கு சேர், லீவு தரமாட்டாங்க. பொழுதுசாய எறங்குனா பஸ்ஸு ஏது?"

போனிலேயே சம்மதம் சொல்லுங்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"மொகம் தெரியாத எடத்துல பொம்பளப் புள்ளய எப்படிங்க விடுறது? கொழும்புக் கடையில நம்ம தோட்டத்து லயத்துப் புள்ளைங்க இருக்கு."

முகத்தைக் காட்டும் நாளைத்தானே நான் சிரித்துத் தள்ளினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முன்வரிசை நிறைய டவுன் ஆட்கள். பின்னால் வெறுங்கதிரை.

விதுஷிகா பெரட்டில் நான் எழுதிய பேர்களையெல்லாம் கூப்பிட்டாள். பிறகு வெறுங்கதிரைகளைப் பார்த்து, நான் எழுதாத ஒன்று: "மாரியாயி!"

பதில் இல்லை.

"ஏய் மாரியாயி! ...வரல."

மண்டபம் குலுங்கியது. பிரதம விருந்தினர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். துவாரகா டீச்சர் என்னைப் பார்த்தார். நான் திரைக்கயிற்றைப் பார்த்தேன்.

விடுதி இடம் இரண்டும் பண்டாரவளைப் பிள்ளைகளுக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வேஷச் சாமானெல்லாம் பெட்டிக்கு வந்துவிட்டது. மீசை மட்டும் காணோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடைக்கு ஒரு அம்மா வந்தாள். "கொழும்பு போற புள்ளைக்கு ஒரு பேக்கு, மொதலாளி. இன்னைக்கி ரயிலுக்கே போவுது."

போனில் கேட்ட குரல். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. வெளியே விதுஷிகா, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கொள்ளுமா என்று பார்க்க, கையிலிருந்த மூட்டையை அவிழ்த்து நான் எடுத்துக் கொடுத்த பேக்கில் உடுப்பையெல்லாம் அடுக்கினாள் மாரியாயி. கடைசியாக, ஒரு கைக்குட்டைக்குள்ளிருந்து மீசை விழுந்தது.

"என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறா," என்று அதையும் மேலே வைத்தாள். "ஸிப்பு கெட்டியா இருக்குமா?"

ஸிப்பைப் பற்றி என்னிடம் ஏழெட்டுப் பகிடி உண்டு.

"இருக்கும்," என்றேன். மீசைக்கு மேலே இழுத்து மூடிக் காட்டினேன்.