முன் பிரேக்

உன் அண்ணனிடமிருந்து உறை வந்திருக்கிறது. பிரித்ததும் வழவழப்பான தாளின் மை வாசனை. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, சிப்பாயாக இருக்கும் அவர், அங்கே வரும் மோட்டார் சைக்கிள் பத்திரிகையிலிருந்து இரண்டு பக்கங்களைக் கிழித்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் தமிழில் ஒரு வரி: "இந்த பிரேக் இருந்திருந்தா நம்ம தம்பி பொழச்சிருப்பானா? நீ படிச்சவன், சொல்லு."

அகராதியோடு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் கணத்தை ஒரு கருவி உணர்கிறது. பிடியை விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் பல முறை. ஈரச் சாலையில் பதறி அழுத்தினாலும் வண்டி சறுக்காமல் நிமிர்ந்து ஓடும். முன் பிரேக்கைக் கண்டு இனி யாரும் பயப்பட வேண்டாமாம். குறையும் எழுதியிருக்கிறார்கள். எடை. விலை. மணலிலும் சரளையிலும் வண்டி நிற்க இன்னும் அதிக தூரம் பிடிக்கும்.

சரளை என்ற இடத்தில் நான் உளுந்து என்று படித்தேன்.

காலாப்பட்டில் அன்று உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளே மணியை உதிர்த்துக் கொடுக்கும். பல்கலைக்கழகத்திலிருந்து என்னை அழைத்துப் போக நீ வந்துகொண்டிருந்தாய். குனிந்து செடியைப் புரட்டிய ஒரு அம்மா உன்னைப் பார்க்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தாய். உருண்ட மணிகளின் மேல் வண்டி படுத்தது. அவளுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. நீ எழவில்லை.

புது பிரேக் இருந்திருந்தால் நீ சாய்ந்திருக்க மாட்டாய். இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருப்பாய். அவள்மேல்.

இதை மட்டும் எழுதி அண்ணனை ஆற்றிவிடலாம்.

ஆனால் செடிக்கு முன்னாலேயே, வெறும் தாரில், உன் பின் சக்கரம் இழுத்த கறுப்புக் கோட்டை நான் பார்த்தேன். அங்கே முன் பிரேக்கும் பிடித்திருந்தால் பாதி வேகம் செத்திருக்கும். அது பிடிக்காது. எனக்குத் தெரியும்.

குருசுக்குப்பத்தில் நாய் குறுக்கே ஓடிய நாள். முன் பிரேக்கை இறுக்கினாய். பின்னாலிருந்த நான் உன் முதுகில் மோதினேன். மோவாயில் கீறல். நேரே மெக்கானிக்கிடம் போய், கேபிளைத் தளர்த்தச் சொன்னேன். "முன் பிரேக்கு அழகுக்குத்தான் சார். பாதி வண்டிக்கு நானே லூசாக்கித்தான் வுடறேன்" என்றார் அவர். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

"வண்டிதான்டா என்னுது. ஒடம்பு ரெண்டு பேருதாச்சே. லூசாக்கட்டும்."

அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நன்மை, குறை, உளுந்து, கேபிள். தளர்த்தச் சொன்னவன் நான் என்பதையும். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். இனி அவர் எனக்கு எழுதுவாரோ, மாட்டாரோ.

அவருக்கு எழுதாத ஒன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. இன்னும் என்னிடமே இருக்கிறது. அன்று மோவாய் வலிக்கவே இல்லை. நீ ஓட்டும் வேகம்தான் எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பிரேக்கைக் குறை சொன்னேன்.