நெடுங்கம்பட்டு முதல் வண்டி

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். முதல் வண்டியில் கால் வைக்க இடமில்லை. நெடுங்கம்பட்டு காலனியில் ஏறியவர்களில் பாதிப் பேர் திண்டிவனத்துக்குச் சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள். மீதி மயிலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் புத்தகப் பை என் டிக்கெட் பையோடு மாட்டிக்கொண்டு மயிலம் வரை என்னோடேயே வந்தது.

மதியம் பணிமனைக்குத் திரும்பினால் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டம். என் வண்டி டிரைவர் கோதண்டபாணி அண்ணன் படித்துவிட்டு நகர்ந்தார். நானும் படித்தேன். வருவாய் இல்லாத கிராம வண்டிகள் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும். நெடுங்கம்பட்டு அதில் முதலாவது. மீதி வண்டிகளுக்கு ஏஜென்சி மூலம் ஒப்பந்த டிரைவர், ஒப்பந்த கண்டக்டர். நிரந்தரமாக இருக்கிற நாங்கள் “தேவைக்கேற்ப” வேறு ஊர்களுக்கு.

வருவாய் இல்லையாம். பெண்களிடம் காசு வாங்காதே என்று சொன்னது யார்? காசு வாங்காத வண்டியில் காசு எங்கிருந்து வரும்?

ஜூன் 10, செவ்வாய்

கோதண்டபாணி அண்ணன் இன்று முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். ஆட்டுக்கு, மாட்டுக்கு, காலி ரோட்டுக்கு.

ஜூன் 13, வெள்ளி

பணிமனைக்குப் பின்னால் சங்கக் கூட்டம். செயலாளர் தேவசகாயம் அண்ணன் பேசினார். பட்டறையில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவே இருந்தே பழகியவர், அவர் குரல் மைக் இல்லாமலே கேட்கும். ஜூலை முதல் தேதி ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும்தான்.

ஆனால் மனது கேட்கவில்லை, எழுந்து சொன்னேன். “ஸ்டிரைக் பண்ணலாம்ணா. வண்டி நின்னா ஜனங்க யாரத் திட்டுவாங்க? நம்மளத்தான். முன்னாடியே ஊருக்குப் போய் சொல்லணும்.”

பின்னாலிருந்து ஒரு குரல். “வூட்டுக்காரர் வேலையில வந்தவங்கல்லாம் நமக்கு யோசனை சொல்றாங்க.”

சிலர் சிரித்தார்கள். யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் முகம் மனதில் நின்றுவிடும், நாளைக்கு அவரோடு ட்யூட்டி பார்க்க வேண்டுமே.

“ஆமா. அவரு இதே பணிமனையில டிரைவரா இருந்து செத்தாரு. அவரு வேலையிலதான் வந்தேன். அந்த வேலைய ஏஜென்சிக்காரன் கையில குடுத்துட்டுப் போறதுக்கு வரல.”

யாரும் சிரிக்கவில்லை. தேவசகாயம் அண்ணன், “கிருஷ்ணவேணி சொல்றது சரி. நீயே ஊருக்குப் போய்ப் பேசும்மா” என்றார்.

பேசச் சொல்லிவிட்டார். என்ன பேசுவது? டிக்கெட், டிக்கெட், உள்ள போங்க, உள்ள போங்க — இதைத் தவிர எனக்கு என்ன பேசத் தெரியும்?

ஜூன் 22, ஞாயிறு

கோதண்டபாணி அண்ணனும் நானும் அவருடைய பைக்கில் நெடுங்கம்பட்டு போனோம். ஊர்ப் பக்கம் பால் சொசைட்டி முன்னால் பேசினோம். தலையாட்டினார்கள். அவர்கள் வீடுகளில் பைக் இருக்கிறது. பிள்ளைகளுக்குத்தான் வண்டி வேண்டும்.

பிறகு காலனி. லூர்துமேரி வந்து எதிரே குந்தினார். தினமும் முதல் வண்டியில் தூக்குச் சட்டியோடு ஏறி, திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்களுக்காக நிற்பவர். வண்டியில் என்னிடம் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

“பஸ்ஸு ஒரு நாள் இல்லன்னா எனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. ஒங்களுக்கு மாசச் சம்பளம். நீங்க ஸ்டிரைக்கு பண்ணிக்கினு குந்திடுவீங்க. நான் இன்னா பண்றது கண்டக்டரம்மா?”

 உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. இந்த வண்டி நின்றால் தனியார் மினிபஸ் வரும். அது மெயின்ரோட்டிலேயே திரும்பிவிடும். காலனிக்குள் வராது.

“யாரு சொன்னது?”

“பர்மிட்டு கேட்டிருக்கறவரே டீக்கடையில சொன்னாரு. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்.”

லூர்துமேரி காலனித் தெருவைக் கையால் காட்டினார். “இந்த பஸ்ஸு இங்க உள்ள வர்றதுக்கு எங்கப்பாலாம் ரோட்டுல குந்தி அடி வாங்கனாங்க. அப்பகூட ஊர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தரும் வரல.”

பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “ஒண்ணாந்தேதி நான் வேலைக்குப் போவல. போங்க.”

திரும்பும்போது கோதண்டபாணி அண்ணன் ஹாரனே அடிக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. பணி நேரத்தில் பயணிகளிடம் நிர்வாகத்துக்கு எதிராகப் பேசினேனாம். ஊருக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை, லீவில். என் மகள் சங்கவி பன்னிரண்டாவது படிக்கிறாள், ஆங்கிலத்தில் இருந்ததை அவள்தான் படித்துச் சொன்னாள்.

“இதுக்கு இன்னாம்மா பதில் எழுதுவ?”

“பேசினேன்னு எழுதுவேன்.”

“வேலையிலேருந்து தூக்கிட்டாங்கன்னா?”

தோசையைத் திருப்பிப் போட்டேன்.  அவள் படிப்பு இருக்கிறது, வாடகை இருக்கிறது. பயமில்லை என்று எழுதினால் இந்த நோட்டே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பயந்துகொண்டேதான் செய்யப் போகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

 ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிவதற்குள் பணிமனை வாசலில் சேர்ந்துவிட்டோம். உள்ளே ஏஜென்சி டிரைவர்கள். முந்தின நாளே கொண்டுவந்து தங்கவைத்திருக்கிறார்கள். போலீசும் வந்துவிட்டது. முதல் வண்டி வெளியே வந்தது — எங்கள் வண்டி, நெடுங்கம்பட்டு போர்டோடு. இன்று முதல் நிறுத்துவதாகச் சொன்ன அதே வண்டி. வேலைநிறுத்தம் தோற்றது என்று காட்டுவதற்கு இன்றைக்கு மட்டும் ஓடுமாம். ஒரு நாள் ஓட்டுவதற்குக் காசு இருக்கிறது பாருங்கள்!

அப்போதுதான் கால் நகர்ந்தது. நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. முன்கண்ணாடி அத்தனை உயரம் என்று இத்தனை வருஷத்தில் இன்றுதான் தெரிந்தது. எப்போதும் உள்ளேயிருந்துதானே பார்த்திருக்கிறேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“அக்கா, நவுருங்க. எனுக்குப் புள்ளைங்க இருக்குது.”

“எனக்கும் இருக்குது.”

“நான் ஓட்டலன்னா நாளைக்கு வேற ஒருத்தன் ஓட்டுவான்க்கா.”

“அவன் வந்தாலும் இங்கதான் நிப்பேன்.”

ஒரு அதிகாரி வண்டியின் பக்கவாட்டைத் தட்டி, “எடுப்பா, எடு, நகந்துடுவாங்க” என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். அந்த அதிகாரியைப் பார்த்தார். வண்டி ஒரு உறுமல் உறுமியது. நான் கண்ணை மூடவில்லை. மூடினேனோ? தெரியவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, சாவியை அந்த அதிகாரி கையில் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

எங்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முகூர்த்தத்துக்குக் கட்டிய பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் எலுமிச்சை சாதம். பெண்கள் பக்கம் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு வேன் வந்தது. லூர்துமேரியும் காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். மயிலம் ரோட்டில் உட்கார்ந்தார்களாம்.

“பொட்டலத்துல ஊறுகா கூட வெக்கல பாரு” என்றார் லூர்துமேரி.

சாயங்காலம் விட்டார்கள்.

ஜூலை 2, புதன்

நெடுங்கம்பட்டுக்கு வண்டி இல்லை. என்னை வேறு தடத்தில் போட்டிருக்கிறார்கள். மயிலம் தாண்டும்போது பார்த்தேன் — சீருடைப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நடந்து வருகிறார்கள். தோற்றுவிட்டோமா?

இல்லை. அந்தக் கேள்வியை எழுதிவிட்டு அடிக்க மனமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் இல்லை.

ஜூலை 12, சனி

அந்த டிரைவர் வீட்டுக்கு வந்தார். பெயர் மணிமாறன். வானூர்ப் பக்கம். துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். இன்ஜினை அணைத்த அன்றைக்கே ஏஜென்சி அவரை நிறுத்திவிட்டது.

 நின்றது நான். வேலை போனது அவருக்கு. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“திட்ட வரலக்கா. ஏஜென்சியில மூணு ஆளு வேலைய ஒருத்தன் பாக்கறான். பி.எஃப். இல்ல, லீவு இல்ல. ஸ்டேரிங்கப் புடிச்சிக்கினே தூங்கிடுவோம்னு பயமா இருக்குது. எங்கள ஒங்க சங்கத்துல சேத்துக்குவாங்களா?”

சங்கவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 18, வெள்ளி

சங்கக் கூட்டத்தில் சண்டை. “நம்ம வேலையப் புடுங்க வந்தவனுங்கள நாமளே சேத்துக்கறதா?” கேட்டவர் கோதண்டபாணி அண்ணன். எனக்கு அதுதான் வலித்தது. இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர், பணிமனையில் எனக்கு முதல் நாள் விசில் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

“அண்ணா, அவங்கள வெளிய வெச்சாதான் நிர்வாகத்துக்கு வசதி. நம்மளக் காட்டி அவங்கள மிரட்டுவான். அவங்களக் காட்டி நம்மள மிரட்டுவான். அன்னிக்கு அந்த ஆளு ஆக்சிலேட்டர மிதிச்சிருந்தா நான் இங்க நின்னு பேசிக்கினு இருப்பேனா?”

அவர் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை தூக்கச் சொன்னபோது தூக்கவில்லை. எதிர்த்தும் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்ப்பது, மணிமாறனுக்குத் திரும்ப வேலை கேட்பது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நெடுங்கம்பட்டு கிராம சபை. நான் ஓரமாக நின்று பார்த்தேன். பேச எனக்கு உரிமையில்லை, என் ஊர் இல்லையே. பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. ஒன்றரை மாதம் பிள்ளைகள் நடந்ததில் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கும் கோபம் ஏறியிருந்தது. ஒருவர் எழுந்து மினிபஸ் வந்தால் போதும் என்றார்.

லூர்துமேரி எழுந்தார். “மெயின்ரோடு வரைக்கும் வர்ற மினிபஸ்ஸு ஒங்களுக்குப் போதும். எங்களுக்கு? கெவருமெண்டு பஸ்ஸு காலனிக்குள்ள வரணும். அப்பிடின்னு எழுதுங்க. எழுதனாதான் கையெழுத்து.”

 பால் சொசைட்டிக்காரர் சக்கரபாணிதான் முதலில் சொன்னார். “எழுதுங்கப்பா. காலனி வரைக்கும்னே எழுதுங்க.”

ஊரும் காலனியும் ஒரே ஷாமியானாவில். லூர்துமேரி என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று நினைக்கிறேன். நான் அழுதேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அதிகாரிகள் தீர்மானத்தை வாங்கிக்கொண்டு “மேலே அனுப்புகிறோம்” என்றார்களாம். காலையில் மயிலம் கூட்டுரோட்டில் மறியல். இந்தத் தடவை ஊர்ப் பக்கத்துப் பெண்களும். பணிமனையில் நாங்கள் வண்டி எடுக்கவில்லை. ஏஜென்சி டிரைவர்களும் எடுக்கவில்லை. அதுதான் நிர்வாகம் எதிர்பார்க்காதது.

மதியத்துக்குள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நெடுங்கம்பட்டு வண்டி திங்கள் முதல் ஓடும், காலனி வரைக்கும். காலையும் மாலையும். மதிய வண்டி கிடையாது. அதற்கு மட்டும் நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பணிமனையில் புதிதாக ஏஜென்சி ஆள் எடுப்பது நிறுத்தம். மணிமாறனுக்கு வேலை.

எனக்கு விழுப்புரத்துக்கு மாறுதல்.

தேவசகாயம் அண்ணன் உத்தரவைப் பார்த்துவிட்டு, இதை வைத்து மறுபடியும் நிறுத்தலாம் என்றார். வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை வண்டி ஓட வேண்டும். என் பேரால் அது நிற்க வேண்டாம்.

“தண்டனைன்னு நெனச்சிக்கினு குடுக்கறாங்க. வாங்கிக்கறேன். விழுப்புரத்துலயும் பஸ்ஸு ஓடுது, ஆளுங்க இருக்காங்க.”

 கோதண்டபாணி அண்ணன் வாசல் வரை வந்து என் பையைத் தூக்கி மணிமாறனிடம் கொடுத்து, “வண்டி ஏறற வரைக்கும் கூடப் போப்பா” என்றார். மணிமாறனிடம் அண்ணன் பேசியது அதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 3, புதன்

விழுப்புரத்தில் இரண்டாவது நாள். சங்கவியைத் தனியாக விட்டு விடியற்காலையில் கிளம்புவது பேஜாராகத்தான் இருக்கிறது. குழம்பு வைத்துவிட்டு வந்தேன். சாதம் அவளே வடித்துக்கொண்டாளாம்.

பணியில் சேர்ந்த நேற்று, இங்கிருக்கிற அதிகாரி உட்காரச் சொல்லி, நல்லபடியாகவே பேசினார். “திண்டிவனம் கதையெல்லாம் கேள்விப்பட்டேன். இங்க அமைதியா வேலையப் பாருங்கம்மா.”

“சரிங்க சார்” என்றேன்.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வண்டி கழுவுகிற பெண்கள் மூன்று பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் ஒப்பந்தம். ரோஜா என்கிறவர் மட்டும் பேசினார். அடுத்த மாதத்திலிருந்து கழுவுவதற்கு மெஷின் வருகிறதாம், அவர்களை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

“எத்தினி பேரு இருக்கீங்க?” என்று கேட்டேன்.

நாளைக்கு சாயங்காலம் பணிமனை வாசலில் வாயிற்கூட்டம். முதலில் ரோஜா பேசுகிறார்.