கோடிப் புடவையை எந்தக் கடையில் வாங்குவது, அம்மா?

என் அம்மாவுக்கு, எங்கே இருந்தாலும் என் அம்மாவுக்கு,

முதலில் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. நீ இருக்கும் இடத்தில் நம் ஆட்கள் யார் யார் இருக்கிறார்களோ, அவர்களில் ஒருவருக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அப்பாவின் கனவில் வந்தால்கூட இதைப் பற்றி வாய் திறக்காதே.

சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். பள்ளியில் யார் எடுத்துப் புரட்டினாலும் கவலையில்லை, அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வீட்டில் அப்பாவுக்குத் தெரியும். பயமே அதுதான். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஹாலில் அப்பா நடக்கிற சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

வரும் வெள்ளிக்கிழமை உனக்கு முதல் படையல். நீ போய் வருஷம் திரும்பிவிட்டதாம். அத்தை காட்பாடியில் ரயில் ஏறி வியாழக்கிழமை இங்கே தேஹு ரோடுக்கு வந்துவிடுவார். சுமங்கலியாகப் போனவள் பூவாடைக்காரி, அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைக்க வேண்டும் என்று அவர் ஃபோனில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. உன்னைச் சாமி என்கிறார்கள். என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, மிச்சம் வைத்த பீன்ஸுக்காகத் திட்டிய நீ, எப்படி அம்மா சாமி ஆவாய்?

“பொடவ உங்க வூட்லதான் எடுக்கணும் பவி. நா இங்கிருந்து வாங்கினு வந்தா ஆவாது,” என்றார் அத்தை. “கோடியா இருக்கணும். யாரும் கட்டியிருக்கக் கூடாது, தண்ணியில நனைஞ்சிருக்கக் கூடாது. படைச்சு முடிச்சதும் நீதான் அத கட்டிக்கணும்.”

“கட்டிப் பாத்துட்டு வாங்கலாமா அத்தை?”

“அடிப் பாவி! உங்கம்மாவுக்குன்னு எடுக்கறத அவளுக்கு முன்னாடி நீ கட்டிப் பாப்பியா? உடுத்தினது படையலுக்கு ஆவாதுடி. மூளைய எங்க வச்சிருக்க?”

அப்பா பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார். “உங்கம்மா எல்லாத்தயும் ஃபோன்லதான எடுப்பா. எந்தக் கடை நல்ல கடைன்னு உனக்குத்தான் தெரியும்.” அவரைக் குறை சொல்லவில்லை. நீ போன பிறகு எனக்கு ஒரு குர்த்தா வாங்க, தான் வேலை செய்யும் டிப்போவில் பெட்டிகளை அளக்கிற இரும்பு டேப்பைக் கொண்டுவந்து என் தோளை அளந்தார். வந்த குர்த்தாவுக்குள் நானும் என் சிநேகிதி ஸ்னேஹலும் சேர்ந்து நுழையலாம். அதிலிருந்து துணி விஷயம் என்றாலே என் பக்கம் கை காட்டுகிறார்.

ஆனால் எனக்கும் தெரியாதே அம்மா. நீ பார்க்கும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, “இது வேணாம், இது டீச்சர் பொடவை” என்று சொன்னதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஒரு கடையில் நிறம் அழகாக இருக்கிறது, கீழே போய்ப் படித்தால் துணி கொசுவலை மாதிரி இருக்கிறது என்று யாரோ புலம்பியிருக்கிறார்கள். இன்னொரு கடையில் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள். ஒன்று பட்டு என்கிறது, ஒன்று பட்டு போல என்கிறது, இரண்டுக்கும் படம் ஒன்றுதான். நீ எதை வைத்து நம்பினாய்?

கடைசியில் நீ வழக்கமாக வாங்கும் ஆப்பிலேயே போய் நின்றேன். அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “மெதுவா தள்ளு, மெதுவா தள்ளு,” என்றார். திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

“இது,” என்றார். “இது அவளுக்கு நல்லாருக்கும்.”

உனக்காக அப்பா ஒரு புடவை எடுத்து நான் பார்த்ததே இல்லை. நீ இரண்டைக் காட்டினால் “ரெண்டும் நல்லாருக்கு” என்று செய்தித்தாளைப் புரட்டுவாரே, அதே அப்பா. வாங்குகிற பொத்தானையும் அவரே அழுத்தினார்.

நேற்று சாயங்காலம் அது வந்தது. அப்பா வருவதற்குள் பாக்கெட்டைப் பிரித்தேன். நிறம் சரியாக இருந்தது, கரையும் சரியாக இருந்தது. விரித்துப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன்.

தோளில் வருகிற இடத்தில் பின் குத்திய துளைகள், அம்மா. முந்தானையை மடித்து, பின் குத்தி, ஒரு சாயங்காலம் முழுக்க இழுபட்ட துளைகள். மடித்திருந்தது கடை மடிப்பு இல்லை, வீட்டு மடிப்பு. மூக்கருகே கொண்டுபோனால் பவுடர் வாசனை. விலைச் சீட்டு மட்டும் நூல் அறாமல் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதை மறுபடி பாக்கெட்டில் போட்டு நமக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். ஏன் தெரியும் என்று உனக்கும் தெரியும்.

உன் கடைசி சங்கராந்தி. ஸ்னேஹல் வீட்டில் ஹல்தி குங்கு. காலனியில் எல்லா மராட்டிப் பெண்களும் அன்றைக்குக் கறுப்புப் புடவை கட்டி, ஒருவருக்கொருவர் மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுப்பார்கள். நீ மட்டும் வருஷா வருஷம் பச்சையில் போய் ஓரமாக நின்றுவிட்டு வருவாய். “அத்தன பேர் நடுவுல நா மட்டும் கிளி மாதிரி இருக்கேன்டி,” என்று சிரிப்பாய். நம் வீட்டில் நல்ல நாளில் கறுப்பு ஆகாது. வாங்கி வைக்கவும் முடியாது, அத்தை வந்தால் முதலில் திறப்பது உன் பீரோவை.

அதனால் நீ ஒரு கறுப்புப் புடவையை வரவழைத்தாய். விலைச் சீட்டைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாய். “ஒரு சாயங்காலம்தான். நாளைக்கு வந்த வழியே போயிடும். அப்பாகிட்ட மூச்சு விடாதே,” என்று என் காதில் சொன்னாய். உன் பின்னால் நின்று தோளில் பின் குத்தியது நான்தான்.

ஸ்னேஹலின் அம்மா, நம் காக்கூ, வாசலிலேயே உன்னைக் கட்டிப்பிடித்து, “இன்னைக்குத்தான் நீங்க எங்க வீட்டுப் பொண்ணு!” என்றார். நீ அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் கட்டில் மேல் விரித்துப் போட்டு, கடை மடிப்பு வரவே வராமல், இருவரும் சிரித்துச் சிரித்து மடித்தோம். எதற்குத் திருப்புகிறீர்கள் என்று ஆப் கேட்டது. ‘நிறம் பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கறுப்புப் புடவை அதற்குப் பிறகு யார் வீட்டுக்குப் போயிருக்கும்? இங்கே புது மருமகளுக்கு முதல் சங்கராந்திக்குக் கறுப்புப் புடவை எடுப்பார்களே, அப்படி யாராவது கோடி என்று நம்பி எடுத்திருந்தால்? அந்தப் பெண் துளையைப் பார்த்திருப்பாளா? பார்த்துவிட்டு அவளும் சொல்லாமல் இருந்திருப்பாளா?

இன்னொன்றும் இருக்கிறது. நீ காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத அந்த வாரம், அத்தை அழுதுகொண்டே, “நல்ல நாள்ல ஆவாதது எதாச்சும் செஞ்சுட்டாளா?” என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். புடவை நிறத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லை என்று பகலில் எனக்குத் தெரிகிறது. இருட்டினால் தெரிவதில்லை.

நேற்று அப்பா வந்தார். நான் வாய் திறப்பதற்குள் புடவையை இரண்டு கையிலும் ஏந்தி உன் படத்துக்கு முன்னால் காட்டினார். “பாத்தியா? ஃபோட்டோவ விட நேர்ல நல்லாருக்கு.” உன்னிடம் சொன்னாரா, என்னிடமா, தெரியவில்லை. சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்.

“அப்பா, வேற கடையில பாக்கலாமாப்பா?”

“ஏன்? இதுக்கு என்ன?”

“இல்ல... நிறம்...”

“நிறத்துக்கு என்ன?”

“புடிக்கலப்பா.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “நா எடுத்தா அப்படித்தான். உங்கம்மா இருந்தா ‘தள்ளுங்க, நா பாத்துக்கறேன்’னிருப்பா.” எழுந்து போய், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், காய்ந்து மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துப் பால்கனிக் கொடியில் மறுபடி போட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அம்மா. நான் தடுக்கவில்லை.

இன்றைக்கு ஸ்னேஹலிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். யாருமே கட்டாத புடவை எந்தக் கடையில் கிடைக்கும் என்று. “வேடி!” என்றாள், பைத்தியம் என்கிற அதே வார்த்தை, ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்வாள். “நேர்ல கடைக்குப் போனாலும் நூறு பேர் மேல போட்டுப் பாத்ததத்தான் எடுக்கறோம். சீட்டு தொங்கினா புதுசு. அவ்வளவுதான்.” அவளுக்கு எல்லாம் அவ்வளவுதான்.

மத்தியானம் முழுக்கத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். சேலம் பக்கம் ஒரு நெசவுக் குடும்பம். படம் அனுப்புவார்கள், பணம் போட்டால் புடவை வரும், திருப்பி எடுக்கவே மாட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் அவர்களைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியதே அந்த வரிதான். திருப்ப முடியாது என்றால் யாரும் கட்டிவிட்டு அனுப்பியிருக்க முடியாதே. தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜில் பதில் அனுப்பினார்: “கண்ணு, தறியில இருந்து அறுத்த பொடவ. யாரு கட்டறது? எம்பொண்ணையே தொடவுட மாட்டேன்.”

நம்பலாமா? பணம் போட்டதும் அந்தக் குரல் காணாமல் போய்விடும் என்கிறாள் ஸ்னேஹல். நாளைக் காலைக்குள் சொன்னால் வியாழக்கிழமை வந்துவிடும் என்கிறார் அந்த அம்மா. அவரிடம் பச்சையும் சிவப்பும்தான் இருக்கிறது. மாம்பழ மஞ்சள் இல்லை. அப்பா எடுத்தது இல்லை.

நான் பேசாமல் இருந்துவிட்டால் வெள்ளிக்கிழமை உனக்கு முன்னால், யாரோ கட்டிய புடவை இருக்கும். நீ உண்மையிலேயே வந்தால் உனக்குத் தெரிந்துவிடாதா? உன்னை ஏமாற்றியதாக ஆகாதா? பேசினால் அப்பா கேட்பார், “கட்டினதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிலில் நீ கறுப்பில் நிற்கிறாய்.

இன்னும் குழப்பமாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மஞ்சள் புடவையைக் கட்டியவளை எனக்குத் திட்ட வரவில்லை. அவளும் யாருடைய கண்ணுக்கோ பயந்திருப்பாள். அவளையும் யாராவது வாசலில் கட்டிப்பிடித்திருப்பார்கள். அவள் கட்டியதால் அந்தப் புடவை ஆகாததாகிவிட்டது என்று நான் சொன்னால், நீ கட்டியதைப் பற்றி என்ன சொல்வது? உன்னைக் குறை சொல்லாமல் அவளை எப்படிக் குறை சொல்வேன்? எந்தக் கடை என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன். எங்கே வந்து நிற்கிறேன் பார்.

உனக்கு எது வேண்டும்? கோடியா, அப்பா எடுத்ததா?

நீ சொல்ல மாட்டாய். அதனால் நான் இப்படி முடிவு செய்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிவிடுவேன். எந்தப் புடவை என்று தீர்மானிக்க வேண்டியது அவர்தான், அது அவர் உனக்கு எடுத்த முதல் புடவை. தெரியாமல் அவர் அதை உனக்குப் படைக்கக் கூடாது. காலையில் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா, உன்னை அவர் தப்பாக நினைக்கிற மாதிரி சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு நீ எவ்வளவு அழகாக இருந்தாய் என்பதில் ஆரம்பித்து, அதற்கப்புறம்

கதவைத் தட்டுகிறார்.

“பவி, தூங்கிட்டியாம்மா? அத்தை வீடியோல இருக்காங்க. பொடவைய முழுசாப் பிரிச்சுக் காட்டணுமாம். எனக்குப் பிரிச்சா மடிக்க வராது, நீ வா.”

அத்தை கண்ணுக்குத் துளை தப்பாது. காலை வரைக்கும் நேரமில்லை. அத்தையிடம் ஃபோனை வைக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம்தான் முதலில் சொல்வேன், சத்தியம்

உன் மகள்
பவி