மிட்டாய் என்று சொல்லிவிட்டேன், மாப்ள

என் அருமை மாப்ள அர்த்தநாரிக்கு,

அங்கேயாவது நன்றாகத் தூங்குகிறாயா? நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. உனக்கு ஒரு கடுதாசி போட இவ்வளவு நாளாயிற்று. கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதலில் சேதி சொல்கிறேன். நம் லாரியை முதலாளி விற்றுவிட்டார். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, வடக்கே லைனுக்குப் போவதில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டுகிறேன். கார் என்ன கார், தீப்பெட்டி! அவர் உள்ளே நோயாளி பார்க்கிற வரைக்கும் நான் வெளியே வேப்பமரத்தடியில் காருக்குள் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட்டைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பேன். அங்கே யார் இருக்கிறார்கள்? பன்னிரண்டு வருஷம் ஒரே கேபினில் மாற்றி மாற்றி ஓட்டியவனுக்கு இது பெரிய தண்டனை, மாப்ள.

ஒருநாள் அந்த டாக்டரிடம் சும்மா கேட்கிறமாதிரி கேட்டேன், அபின் பழக்கத்துக்கு வைத்தியம் உண்டா என்று. "உண்டே. ஆளைக் கூட்டிட்டு வா, பார்க்கலாம்" என்றார். என் முகம் அவருக்குத் தெரியாதபடி கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆளை எங்கே போய்க் கூட்டி வர?

உனக்கு அந்த முதல் உருண்டையைக் கொடுத்தது நான். ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போகிற நடை. எனக்குக் காய்ச்சல், நீயே ஓட்டியாக வேண்டும். வழியில் தாபா ஓட்டல்காரன் டீயோடு கொடுத்தான், மிளகளவு, கறுப்பாக. "வாயில போடு மாப்ள, இடுப்பு வலி பறந்துரும்" என்று நான்தான் உன் உள்ளங்கையில் வைத்தேன். நானும் போட்டுப் பார்த்தவன்தான். எனக்குக் குமட்டியது, விட்டுவிட்டேன். உனக்குப் பிடித்துக்கொண்டது. மிளகு சுண்டைக்காய் ஆனது, அதற்கப்புறம் கணக்கே இல்லை.

கடைசி நடை புறப்பட்ட அன்று உன் வாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நடை கிளம்பும்போது பெண்டாட்டி வண்டிக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்ப வேண்டும். அது நம் பக்கத்து வழக்கம். பாவாயி அன்று தட்டையே எடுக்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, இவரு ஒடம்பு செரியில்லைங்க. கண்ணே ஒரு மாதிரி இருக்குது. இந்த நடை வேண்டாமுங்ண்ணா."

"வண்டி உருண்டாச் செரியாப் போயிரும் அம்மணி, நீ தள்ளி நில்லு" என்றேன். சொன்னது நான். நீ சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாய்.

மூன்றாம் நாள் காலையில் தாபாக் கயிற்றுக் கட்டிலில் நீ படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து, கால் குளிருமே என்று துண்டைப் போர்த்திவிட்டு நான் டீ குடிக்கப் போனேன். பத்து மணிக்கு வந்து தொட்டபோதுதான் தெரிந்தது. அங்கேயே நர்மதைக் கரையில் எரித்துவிட்டு, சாம்பலை ஒரு பித்தளைச் செம்பில் கொண்டுவந்து ஜேடர்பாளையத்தில் காவேரியில் கரைத்தோம். உன் முகத்தைக்கூட உன் அம்மாவுக்குக் காட்டவில்லை. அபினை மறைத்து, நெஞ்சு வலி என்று சொல்லிவிட்டேன். அது ஒரு வார்த்தை, சொல்ல ரொம்பச் சுலபமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கற்பூரம் காட்டாமல் அனுப்பினாள், அதனால்தான் போனான் என்று பிடித்துக்கொண்டது. உன் அம்மாதான் ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்குப் போவேன். "வா சாமி, எம் பையன் இல்லாத கொறைக்கு நீ இருக்கற" என்று அத்தை இலை போடுவார். பாவாயி பரிமாறுவாள். வெட்கங்கெட்டவன், சாப்பிட்டேன்.

இப்போது உன் வீட்டில் டிவி இருக்கிறது. பாவாயியின் தம்பி போர் போடுகிற ரிக் வண்டியில் சம்பாதித்து வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ட்டூன் படம் போடுகிறான், இந்தியில். தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆள் நான்தானே! நாம் தாபாவிலும் செக்போஸ்ட்டிலும் பொறுக்கிய இந்திக்கு வந்த வாழ்வைப் பார். பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கூடியிருக்கும் தெருச்சனத்துக்கு நான் தமிழில் சொல்லச் சொல்ல, உன் மகள் மஞ்சு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன மாதம் ஒரு படம். ஒரு கழுதையும் ஒட்டகமும் லாரி ஓட்டுகின்றன. கழுதை ஒரு கறுப்பு உருண்டையை முழுங்குகிறது. கண் இரண்டும் பம்பரமாகச் சுற்றுகிறது, லாரி மரத்தில் ஏறி இறங்குகிறது. மஞ்சு சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். பெட்டிக்குள் 'அபீம், அபீம்' என்று சொல்கிறான், இந்தியில் அபின். நான் அதை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவினேன்.

"மாமா, அது என்னதுங்க திங்குது?"

"மிட்டாய் கண்ணு."

கழுதைக்கு உருண்டை தீர்ந்துபோகிறது. ஒரு சக்கரத்தைக் கழற்றி விற்று வாங்குகிறது. பிறகு இன்னொரு சக்கரம். கடைசியில் சக்கரமே இல்லாத லாரியில் உட்கார்ந்து வாயாலேயே புர்ர் புர்ரென்று ஓட்டுகிறது. எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சு மட்டும் நிறுத்திவிட்டாள்.

"மிட்டாய்க்கா ஏனுங் மாமா சக்கரத்த விக்கோணும்?"

அதற்குள் படத்தில் ஒட்டகம் அழுதுகொண்டே கழுதையைத் தோளில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கழுதை பிழைத்துக்கொண்டது. படம் பிடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது பார், கூட இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்று!

அந்த நேரம் பார்த்து அத்தை சொன்னார்: "அந்தக் கழுதைக்கும் பொண்டாட்டி கற்பூரங் காட்டாம உட்டுட்டாளாட்டம் இருக்குது."

தெருச்சனமும் சேர்ந்து சிரித்தது. பாவாயி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியை அணைத்தேன். வந்தவர்களைப் போகச் சொன்னேன். மஞ்சுவையும் வெளியே விளையாட அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தாபா, உருண்டை, உன் உள்ளங்கை, அந்தத் துண்டு, ஒன்றையும் மறைக்கவில்லை.

அத்தை எழுந்து வந்து என் நெஞ்சில் குத்தினார். வயசான கை, வலிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "எந்திரிச்சுப் போடா என்ற ஊட்ட உட்டு" என்றார்.

பாவாயி அழவில்லை, மாப்ள. மாமியார் ஏசுகிறாள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஒம்பது வருசமா நான்தான் அவரக் கொன்னுபோட்டன்னு நெனச்சுட்டிருந்தனுங்க."

'அண்ணா' என்கிற வார்த்தை அதில் இல்லை.

வாசல்படி தாண்டும்போது பின்னாலேயே வந்தாள். "எங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதுமாக்கும்? ஊரே என்னையத்தான சொல்லுச்சு? ஊருக்குச் சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். டிரைவர்கள் சங்கத்து ஆண்டு மலரில் போட ஒப்புக்கொண்டார்கள். பெயரை மாற்றிப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். போன வாரம் மஞ்சு அங்கே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏனுங் மாமா ஊட்டுக்கே வாரதில்ல? படத்துல என்ன சொல்றாங்கன்னே தெரிய மாட்டேங்குது" என்றாள். உன் மூக்கு, உன் நெற்றி. வேலை இருக்கிறது கண்ணு என்றேன். மறுபடியும் ஒரு பொய்!

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மலர் அச்சாகி வருவதற்குள் மஞ்சுவிடம் நானே சொல்வேன். அவள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அதற்கப்புறம் என்னை மாமா என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம்.

உன்னைத் தூங்குகிறாய் என்று நினைத்த
உன் மச்சான்,
பழனியப்பன்