அப்பா பார்த்து வைத்த கடலோர இடம்

திருத்தங்கல்,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், வழக்கம் அதுதான், ஆனால் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் எந்நேரமும் அப்பா கையில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு வழியில்லை. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் அதையும் முதலில் படிக்கிறவர் அவர்தான். அதனால் பக்கத்து வீட்டு அழகுமீனாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் அச்சாபீஸ் வேலை முடிந்து வந்ததும் இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பாதி படித்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டு அழாதே, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் எதுவானாலும் செய்.

போன வாரம் அப்பாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். உன்னிடம் சும்மா இருமலுக்குக் காட்டினோம் என்றுதான் அவர் சொன்னார், நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஆமாம் போட்டேன். டாக்டர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நுரையீரல் இரண்டும் இறுகிப் போய்விட்டது, இனி அது பழையபடி ஆகாது, மருந்து மாத்திரை எல்லாம் மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்றார். மகள் ஜூன் மாதம் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நான் சொன்னதற்கு, ஏரோப்ளேன் ஏறுகிற பேச்சே வேண்டாம் அம்மா, அவருக்கு மேலே மூச்சு தாங்காது, ஜூனில் இவர் எப்படி இருப்பார் என்றே என்னால் சொல்ல முடியவில்லை, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை அறையில் இத்தனை வருடம் வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பவுடரைச் சலித்த மனுஷன், வெடிக்குத் தப்பித்துவிட்டோம் என்று நான் கோவிலுக்கு மாவிளக்கு எடுத்தேன். அது வெடிக்காமலே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆக்சிஜன் மிஷின் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறோம். நீ வீடியோவில் வரும்போது அதை அணைத்து ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த வீட்டு வண்டி விஷயத்துக்கு வருகிறேன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை வாடகைக்கு எடுத்து வேல்ஸ் கடற்கரையோரமாக ஊர் ஊராகப் போகலாம், ராத்திரி தங்க அதற்கென்று இடம் இருக்கிறது, காலையில் கதவைத் திறந்து இறங்கினால் கடலோர நடைபாதை பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்படிப்பட்ட இடமாகப் பார்த்து எடுப்பது அப்பாவின் பொறுப்பு என்று பங்குனியில் நீ சொன்னாயே, அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. நீ அனுப்புகிற படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். கடலைப் பார்க்கமாட்டார், வண்டிகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். "இம்புட்டு நெருக்கமா நிறுத்தியிருக்காக, ஒருத்தன் வண்டியில கேஸ் கசிஞ்சா அடுத்தவன் கதி என்னாகும்" என்று நல்ல நல்ல இடத்தையெல்லாம் தள்ளிவிட்டார். வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில், வாசல் ஒன்றே ஒன்று, இதற்கு எந்த ஆபீசர் லைசென்ஸ் கொடுத்தான் என்று கேட்டார். நம் கம்பெனியில் அறைக்கு அறை தள்ளிக் கட்டி, நாலு பக்கமும் வெளியே திறக்கிற கதவு வைத்து வேலை பார்த்தவருக்கு உலகம் பூராவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படித் தேடித் தேடி ஒரு இடத்தைப் பிடித்தாரே, உனக்கு நினைவிருக்கும். மைதானத்தின் கடைசி மூலை, சுற்றிலும் வேறு வண்டியே இல்லை, நடைபாதைக்குப் போகிற கேட் பக்கத்திலேயே இருக்கிறது, இந்த மாதிரி இடத்தை ஒருத்தனும் எடுக்காமல் விட்டிருக்கிறான் பார், விவரம் கெட்டவர்கள் என்று இரண்டு நாள் பெருமை பேசினார். அழகுமீனாவைக் கூப்பிட்டுக் காட்டினார், தெருவில் போன தபால்காரரைக்கூட விடவில்லை. அப்புறம் நீதான் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாய், அப்பா அது எல்லா வண்டிக்காரர்களும் கக்கூஸ் டப்பாவைக் கொண்டுவந்து கொட்டிக் கழுவுகிற இடம், அதனால்தான் அங்கே யாரும் நிறுத்தவில்லை என்று. நான் அன்றைக்குச் சிரித்தது போல இந்த வருடத்தில் சிரிக்கவில்லை. அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு அழுதேன். நீ போனை வைத்த பிறகு நடந்தது அது.

மதுரையில் இருந்து வந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குத் தெரியாது, இடம் தேடுகிற சந்தோஷத்தையாவது கெடுக்காமல் விடுவோம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் தேடுகிற விதம் மாறிவிட்டது. பாறை மேல் போகிற பாதை வேண்டாம், தலை சுற்றும் என்றார். கடலுக்குப் படிக்கட்டு இறங்குகிற இடம் வேண்டாம், முட்டிக்கு ஆகாது என்றார். வேலியை ஏறிக் கடக்கிற பாதை வேண்டாம், கேட் வைத்த பாதைதான் வேண்டும், வழியில் உட்கார பெஞ்சு இருக்கிறதா, ஒரு பக்கமாக நடந்து போய்த் திரும்பி வர டவுன் பஸ் மாதிரி ஏதாவது உண்டா என்று உன்னைத் துளைத்து எடுத்தார். மூச்சு வாங்குகிற மனுஷன் தனக்காகத்தான் கேட்கிறார் என்று நானும் நினைத்தேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், அப்பா உங்களுக்காக நாம் மெதுவாகவே நடப்போம் என்று சொன்னாயே. நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீ அனுப்பிய வண்டிகளில் மூன்று பேர் படுக்கிற சின்ன வண்டியே போதும் என்று புள்ளையிடம் சொல்லப்போகிறேன் என்றார். நான் விவரம் தெரியாமல், நாம் நாலு பேர் ஆச்சே, யார் தரையில் படுப்பது என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூணு பேருதானட்டி போறீக" என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். என்ன பேசுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன், அழகுமீனா வீட்டு வாசல் வரை கேட்டிருக்கும். அவர் குரலே உயர்த்தவில்லை. "டாக்டரு உன்னயத் தனியாக் கூப்புட்டப்பவே எனக்கு வெளங்கிப் போச்சு. நான் போன பெறகு நீ இந்த வீட்டு மூலையில கெடப்ப, ஒழுங்காச் சோறு திங்க மாட்ட, ஒரு எடத்துக்கும் போக மாட்ட, எனக்குத் தெரியாதா. இந்த வருசமோ அடுத்த வருசமோ, புள்ள கூப்புடும்போது வீம்பு பண்ணாம போ. அங்கன நாலு நாளு காத்தாட நடந்துட்டு வா. ஒன் முட்டிக்கு ஏத்த எடமாத்தான் பாத்து வச்சிருக்கேன்" என்றார். பெஞ்சும் கேட்டும் பஸ்ஸும் எனக்காம். இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு சேலை எடுக்க அவர் கடைக்கு வந்தது கிடையாது, நீயே எடுத்துக்கோ என்று வெளியே நின்றுகொள்வார், அந்த மனுஷன் நான் தனியாக நடக்கப் போகிற பாதையைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். அந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல். எனக்கு அந்தப் பாதையும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார், நாலு எட்டு நடந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் கோபம் ஆறி, எனக்கு எல்லாம் பார்த்து வைத்தீர்கள் சரி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். எனக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. அப்புறம்தான், "புள்ளைய நேர்ல ஒருவாட்டி பாத்தாப் போதும். அதை அவகிட்டச் சொல்லிறாத, வேலையப் போட்டுட்டு அலைவா" என்றார். சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்து, இதோ சொல்லிவிட்டேன். கட்டின நாளில் இருந்து அவர் பேச்சைத் தட்டியவள்தான் நான், இன்றைக்கு மட்டும் என்ன புதிதாக.

அதனால் செல்வி, அம்மா சொல்வதைக் கேள். ஜூன் மாதத்துக்கு என்று நீயும் மாப்பிள்ளையும் சேர்த்து வைத்திருக்கிற லீவை இப்போதே எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. வண்டி, இடம் எதற்கும் அங்கே முன்பணம் கட்டாதே, கட்டியிருந்தால் போனால் போகட்டும். மிஷினைக் கூட வைத்துக்கொண்டு காரில் கொஞ்ச தூரம் போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், முடிந்தால் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு நாள் கூட்டிப் போய்க் கடலுக்கு எதிரே உட்கார வைப்போம். முடியாவிட்டால் வேண்டாம், கடலா முக்கியம். நீ வருவதை நீயாக எடுத்த முடிவு போல அவரிடம் சொல், டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று ஏதாவது சொல், அவர் நம்பமாட்டார், ஆனாலும் சொல். அதுவரைக்கும் தினமும் ஒரு இடத்தின் படத்தை அனுப்பிக்கொண்டே இரு, அவர் பார்த்துக் குறை சொல்லட்டும், சொல்லும்போது முகம் தெளிவாக இருக்கிறது. அவர் பார்த்து வைத்த பாதையில் நான் நடப்பேனா மாட்டேனா என்று இப்போது என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல், வெகுகாலம் நல்லபடியாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதத்தையும் அவரைக் கேட்காமலே இதில் சேர்த்து எழுதுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வருகிற தேதியை அழகுமீனா போனுக்கு அனுப்பு, சீக்கிரம் அனுப்பு. வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் அப்பா இன்னும் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார். அடுத்த மாதம் வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
மாரித்தாய்