துடுப்புகளை ஒளித்து வைத்தவள்

ஃபெமுன் ஏரிக்கரை,
அக்டோபர் 11, 1987

அன்பு மகன் ஐவிந்துக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று மடித்துவிடாதே. இங்கே நாங்கள் மூன்று பேரும் திடமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் குடும்பத்தோடு ஒத்துப்போகாமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. தான்சானியா வெயிலில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், குழாய் இறக்குகிற இடமெல்லாம் தண்ணீர் கண்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். எப்போதும் அம்மாதான் எழுதுவாள், நான் அடியில் பெயர் போடுவேன். இந்தத் தடவை அவள் பேனாவை என் பக்கம் தள்ளி, "ஆத்தங்கரையில நின்னு பாத்தது நீங்க, நீங்களே எழுதுங்க. ரெண்டு வரியில முடிச்சீங்கன்னா கிழிச்சுப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டாள். எதிரில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே தாள் நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் வீட்டுச் சேதி. நம் விடுதிக் கூரையின் வடக்குப் பக்கத்தை மாற்றிவிட்டோம். இந்த வருஷம் சதுப்பில் பழம் குறைவு, அம்மாவின் ஜாம் பாட்டில்கள் பாதி காலி. மூஸ் மான் வேட்டையில் நம் பங்குக்கு நல்ல கறி கிடைத்தது. பிர்ச் மரங்கள் மொட்டையாகிவிட்டன, மலை உச்சியில் நேற்று வெள்ளை தெரிந்தது.

இனி உன் தங்கை தூர்டிஸ் விஷயத்துக்கு வருகிறேன். அவள் பொறுமை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். போன மார்ச் மாதம் மாவட்டப் பனிச்சறுக்குப் போட்டியில் நான்காவதாக வந்த கோபத்தில் ஊன்றுகோல் இரண்டையும் காட்டுக்குள் வீசிவிட்டு, அப்புறம் தானே இடுப்பளவு பனியில் இறங்கித் தேடி எடுத்துவந்த பெண் அவள். செப்டம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் துடுப்புப் படகில் போய் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்க வந்தார்கள். வழிகாட்டியாகத் தூர்டிஸ் போனாள். கூட வந்த ஆசிரியர் வேறு யாரும் இல்லை, உனக்கும் அவளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆர்ன்ஃபின்தான். இங்கிருந்து வடக்கே, சாலை எதுவும் எட்டாத கிழக்குக் கரையில், நாம் கோடையில் மீன் பிடிக்கப் போகிற மணல் முனை இருக்கிறதே, அங்கேதான் கூடாரம். இரண்டு நாள் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் திரும்புவதற்குப் படகுகளை இறக்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் வடக்கிலிருந்து காற்று விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நாங்கள் இங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது படகுத்துறைப் பலகை படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தூர்டிஸ் உடனே எல்லாப் படகையும் கரைக்குத் திருப்பினாள். கடைசியாக வந்த படகு கரைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தது. அதிலிருந்த இரண்டு பிள்ளைகளையும் அவளும் ஆர்ன்ஃபினும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டார்கள். பை ஒன்று போய்விட்டது. அது பென்டே என்கிற பதின்மூன்று வயதுப் பெண்ணின் பை. அந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை நோய். ஊசியும் மருந்தும் அதற்குள்தான் இருந்தன, காலை ஊசியைக் கிளம்புகிற அவசரத்தில் இன்னும் போட்டுக்கொள்ளவும் இல்லை.

மருந்து இல்லாமல் நாள் முழுக்க இருந்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்ன்ஃபின் உடனே, "பென்டேவ என் படகுல ஏத்து, நான் நேரா அக்கரைக்குக் கொண்டுபோறேன், அங்க ரோடு இருக்கு" என்றிருக்கிறார். தூர்டிஸ் முடியாது என்றாள். "எனக்கு வயசு அம்பது, எனக்குத் துடுப்புப் போடத் தெரியும்" என்று அவர் கத்தினார். "நீங்க நல்லாத்தான் போடுவீங்க, அலைக்கு அது தெரியாதே" என்று இவள் சொன்னாளாம். அவர் விடவில்லை, புள்ள செத்தா நீயா பதில் சொல்லுவே என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவள், "ஸ்கூல்ல நீங்க சொன்னதெல்லாம் நான் கேட்டேன். இங்க நான் சொல்றத நீங்க கேளுங்க. நான் நடந்து போய் மருந்து கொண்டாரேன். அதுவரைக்கும் பிள்ளைங்களக் காய வச்சு, பென்டேவுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் ஈரத்துணி மாற்றுகிற நேரத்தில் ஒரு காரியம் செய்தாள். அத்தனை துடுப்புகளையும் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுக்குள் பாறை இடுக்குகளில் ஒளித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

கரையோரப் பாதையில் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது, ஒரு வாரமாக மழை. இவள் அங்கே நிற்காமல் மேலே ஏறி, குளிர்காலத்தில் நாம் சறுக்கிக்கொண்டு கடக்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள். பாறைகள் பரவி ஆறு அகலமாகிற இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். கோடையில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை, வழியெல்லாம் ஆளுயரப் பாறை. ஆனால் பனி உருகி இறங்குகிற காலத்தில் எந்தக் கல்லின் தலை முதலில் வெளியே தெரியும் என்பது அவளுக்கு மனப்பாடம், அந்தக் கற்களை ஒட்டியே தண்ணீரில் இறங்கி வந்துவிட்டாள். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு நின்றாள். முழங்கையிலிருந்து ரத்தம், உதடு நீலம். அம்மா அவளை அடுப்புக்கு இழுத்தாள், நான் வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஹெலிகாப்டர் வராது என்றார்கள். டாக்டர் மருந்தைக் காரில் எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். அதற்குள் நான் மோட்டார் படகை இறக்கிப் பார்த்தேன். படகுத்துறையைத் தாண்டவே முடியவில்லை, பாதிப் படகு தண்ணீரோடு திரும்பினேன். துறையில் நின்ற தூர்டிஸ் என்னைத் திட்டவில்லை. "பாத்துட்டியா? சரி, நடப்போம்" என்றாள். மருந்து வந்து சேர்கிறவரை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினாள். மருந்து வந்ததும், எவ்வளவு போடுவது என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு எழுந்தாள். உடனே நானும் கயிறோடு கிளம்பினேன். பாதி வழியிலேயே என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. "உன்னையும் தூக்கிட்டு வரச் சொல்லிடாதப்பா" என்று சிரித்தாள், ஆனால் நடையைக் குறைக்கவில்லை, ஆற்றங்கரையில்தான் நின்றாள்.

ஐவிந்த், அந்த ஆற்றை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மருந்துப் பொட்டலத்தைத் தொப்பிக்குள் வைத்துத் தலையோடு கட்டிக்கொண்டாள். கயிற்றின் ஒரு நுனியை அவள் இடுப்பில் கட்டி, மறுநுனியைப் பைன் மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பாதி ஆற்றில் கயிறு தீர்ந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "பத்தலப்பா, அவுத்துர்றேன்" என்று கத்தினாள். வேண்டாம், திரும்பி வா என்று நானும் கத்தினேன், தண்ணீர்ச் சத்தத்தில் என் காதுக்கே அது கேட்கவில்லை. அவள் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கையிலிருந்து விட்டாள். கயிறு லேசாகி என் கைக்கு வந்தது. அப்போது எனக்கு என்னவாக இருந்தது என்று எழுத வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன், அம்மா, "அப்படியே விடுங்க, அவனுக்குப் புரியும்" என்கிறாள். தூர்டிஸ் அவசரப்படவில்லை. பொறுமையே இல்லாதவள் என்று நாமெல்லாம் சொல்லிச் சிரித்த பெண், ஒவ்வொரு காலாக வைத்து, நின்று, தண்ணீர் இழுப்பது தணியும்வரை காத்திருந்து, அடுத்த காலை வைத்தாள். அக்கரை ஏறியதும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓட ஆரம்பித்தாள். நான் நொண்டிக்கொண்டே வீடு வந்தேன். டாக்டர் அன்று நம் விடுதியிலேயே தங்கினார். எங்களில் யாரும் சாப்பிடவில்லை.

விடிந்தபோது காற்று நின்றிருந்தது. டாக்டரை ஏற்றிக்கொண்டு மோட்டார் படகில் போனேன். முனையில் புகை தெரிந்தது. பிள்ளைகள் கரைக்கு ஓடிவந்தார்கள், பென்டே ஓடவில்லை. படகைக் கட்டாமலே இறங்கினேன். கிட்டே போய்ப் பார்த்தால் நெருப்புக்குப் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்து, முகம் வெளுத்துப் போய், தன் ரொட்டியைக் கருக்கிவிட்டதற்காக ஒரு பையனை வைதுகொண்டிருந்தாள். முந்தைய நாள் சாயங்காலம் தூர்டிஸ் போய்ச் சேர்ந்தபோது பென்டே வாந்தி எடுத்து எடுத்துக் கண் திறக்க முடியாமல் கிடந்தாளாம். ஊசியைப் பார்த்ததும், "குடு, நானே போட்டுக்கறேன், நீ போட்டா வலிக்கும்" என்றாளாம். டாக்டர் சோதித்துவிட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தால் போதும் என்றார். ஆர்ன்ஃபினும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்க அந்தப் பிள்ளையை மடியில் சாய்த்துக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். தூர்டிஸ் எங்கே என்று கேட்டேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பைன் சருகில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். படகுகளைக் கொண்டுவர வேண்டுமே, துடுப்புக்காக அவளை எழுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தவள் கடைசித் துடுப்பை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தானே முழித்தாள். அது இன்னும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் எல்லோரும் நம் விடுதிக்கு வந்தார்கள். பென்டேயின் அப்பா மர லாரி ஓட்டுகிறவர், கதவுக்குக் குனிந்து வருகிற உயரம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "எம் பொண்ணு அந்த நெலமையில கெடக்கறப்ப விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துது? துடுப்பை வேற ஒளிச்சு வச்சியாமே?" என்று தூர்டிஸைப் பார்த்துக் கேட்டார். இவள் வாயைத் திறப்பதற்குள் ஆர்ன்ஃபின் எழுந்தார். "துடுப்பு என் கையில கெடைச்சிருந்தா உங்க பொண்ண நான் படகுல ஏத்தியிருப்பேன். இவ கெளம்பிப் போன அப்புறம் ஒரு மணி நேரம் தேடினேன், கெடைக்கல. கெடைச்சிருந்தா எங்க ரெண்டு பேரையும் நீங்க இப்ப ஏரியில தேடிட்டிருப்பீங்க" என்றார். தூர்டிஸ் முகம் சிவந்துபோய், வாஃபிள் கருகுது என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். அம்மா வாஃபிள் சுட ஆரம்பிக்கவே இல்லை. லாரிக்காரர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார், அப்புறம் அவரும் உள்ளே போனார். நான் எட்டிப் பார்த்தபோது இவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தட்டாக வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமான தட்டுகளையும் சேர்த்துக் கழுவினார்கள்.

பிப்ரவரியில் அதே பிள்ளைகள் பனிச்சறுக்குக்கு வருகிறார்கள். பென்டேயின் மருந்தை மூன்று பேர் பையில் பிரித்து வைப்பதாக ஏற்பாடு, அது அவள் அப்பா சொன்ன யோசனை. இந்த ஏரிப் பக்கத்தில் எந்த அலையிலும் கடந்து வந்தவனைத்தான் ஊர் பேசும். இப்போது கடக்க மாட்டேன் என்று சொன்ன என் மகளைப் பற்றிக் கடையில், தபாலாபீஸில் எல்லாம் பேசுகிறார்கள். ரொட்டி வாங்கப் போனால் நான் கொஞ்சம் நேரமாகித்தான் வீட்டுக்கு வருகிறேன், அம்மா கேலி செய்கிறாள், செய்யட்டும். இரண்டு பிள்ளைகளைப் பெற்றோம், ஒருத்தன் வறண்ட மண்ணில் தண்ணீர் தேடிக் கொடுக்கிறான், ஒருத்தி தண்ணீரோடு மல்லுக்கு நின்று திரும்பி வந்தாள். இதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்கிறோம், உன் கை பட்ட காரியமெல்லாம் விளங்கட்டும். மலேரியா மாத்திரையை மறக்காதே, கசக்கிறது என்று துப்பிவிடாதே. தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ரொம்பப் புகழ்ந்துவிடாதே, தலைக்கு ஏறிவிடும். இல்லை, இந்தத் தடவை புகழ்ந்தே எழுது.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா தூர்கெல், அம்மா குன்வோர்