மூன்று முறை கூப்பிட்டார்கள்

ஜூன் 9, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கும் எதிர்மலை தெரியவில்லை. முட்டி வலி, இடது மட்டும். இந்த வாரம் எழுத வேண்டியவை, வரிசையாக:

1. கரோக்கே எனும் தொற்றுநோய்.
2. தேயிலைக்குள் நின்று வீடியோ எடுப்பவர்கள்.
3. வானொலி அறிவிப்பாளர்களின் சிரிப்பு.
4. ஸ்ட்ராபெரி.
5. மேரி நான் இல்லாமல் மேடை ஏறமாட்டாள். காரணங்களுடன்.

ஐந்தாவதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். தைரியம் இல்லை.

கரோக்கே. பாட்டுக்காரரின் குரலை எடுத்துவிட்டு மீதியை விற்கிறார்கள். மீன் குழம்பில் மீனை எடுத்துவிட்டு விற்பதுபோல. அந்த இடத்தில் பக்கத்து வீட்டு ராஜு தன் செருப்பைப் போடுகிறான். திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றும் லாரிக்காரன். ஹாரன் அடித்தே பழகிய ஆள். ஒலிபெருக்கி வேறு வாங்கி வைத்திருக்கிறான், என் படுக்கையறைச் சுவரைப் பார்த்து.

என் மனைவி மேரி ஒரு மாதமாக அந்த வீட்டுக்கு ரசம் கொண்டுபோகிறாள். இவ்வளவு ரசம் யார் குடிக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். இன்று சாப்பாட்டில் சொன்னாள், ரசம் சாக்கு, அங்கே பாடிப் பழகுகிறாளாம். ஞாயிறு இரண்டு மணி, ரிங்லெட் மண்டபம், அறுபது தாண்டியவர்களுக்கு ஜோடிப் பாட்டுப் போட்டி.

"ரெண்டு பேரு பேரும் குடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு?"

"உங்களக் கேட்டா பாக்கலாம்னு சொல்லுவீங்க. அதான் கேக்கல."

"பாக்கலாம்" என்றேன்.

ஜூன் 10, புதன்

வாங்க: ரொட்டி, கண் மருந்து, டார்ச் பேட்டரி (பெரியது 2). ரொட்டி மறந்துவிட்டேன்.

பள்ளி விடுமுறை. சாலை முழுக்கக் கோலாலம்பூர்க் கார்கள். தோட்டத்துக்குள் ஒரு பெண், பட்டுச் சேலை, முதுகில் கூடை. கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய இலையைக் கைநிறையப் பிடுங்குகிறாள். கணவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி:

"சிரி. அப்படி இல்ல லா, கஷ்டப்படற மாதிரி சிரி."

வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையன்கள் இருவர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, இவர்கள் கஷ்டப்பட்டு முடிக்கட்டும் என்று ஓரமாகக் காத்திருந்தார்கள். சொல்ல என்னிடம் ஆறு வாக்கியங்கள் இருந்தன, எல்லாம் சரியான இலக்கணத்தில். அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"தேங்க்யூ அங்கிள். இங்க வேல செஞ்சீங்களா?"

"கிராணியா இருந்தேன்."

"அப்படின்னா?"

கிளார்க் என்றேன். அதற்குள் அவள் வேறு பக்கம் சிரிக்கப் போய்விட்டாள்.

சொல்லியிருக்கலாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பார்கள். நான் பேர் வாசிப்பேன். "வந்தாச்சு" என்று பதில் வர வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பேருக்கு நேரே ஒரு கோடு. அவ்வளவுதான், அன்றைக்கு அவர் இல்லை. 31 வருடம். வாழ்க்கையில் நான் உரக்கப் பேசியது அது ஒன்றுதான். அதுவும் பிறர் பெயரை.

ஜூன் 12, வெள்ளி

மதியம் மழை. துணி காயவில்லை.

வானொலி. நகைச்சுவையைச் சொல்வதற்கு முன்பே சிரித்துவிடுகிறார்கள். சொன்ன பிறகு சிரிக்க முடியாது என்று அவர்களுக்கே தெரியும் போல. இடையில் ஒரு பாட்டு. அதில் ஒருவன் தன்னைச் சிங்கம் என்று பதினான்கு முறை சொல்கிறான். எண்ணினேன். எண்ணியது என் தவறு.

பிரிஞ்சாங் சந்தை. ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரிக் குடை, ஸ்ட்ராபெரித் தொப்பி. வாங்கித் தின்ற பழம் மட்டும் புளிப்பு. நூறு பேர் முதுகொடிந்த மலைக்கு இன்று அடையாளம் இது. நான் மட்டும் என்ன? குடையொன்று வாங்கி வந்தேன். மழை.

மேரி சமையலறையில் பாடுகிறாள். ஆண் வரிகள் வரும்போது நிறுத்தி, என்னைப் பார்க்கிறாள். நான் நாளிதழைத் திருப்புகிறேன். மொத்தம் நான்கு வரி. எனக்குத் தெரியும், ஒரு எழுத்து விடாமல்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராஜு: "கிராணி, ஞாயித்துக்கெழம வேட்டியா, சிலுவாரா?" கால்சட்டை என்று சொல்ல அவனுக்கு வராது.

"பாக்கலாம்."

"என்னாத்த பாக்குறது? மேரிம்மா உங்கள நம்பி நிக்கிறாங்க லா."

இவனுக்கு எதற்கு இந்த அக்கறை? கோஸ் வாடிவிடும், போகட்டும்.

ஜூன் 13, சனி

வெயில், அபூர்வமாக. எண் 5. காரணங்கள்:

அ) 46 வருடத்தில் கிளினிக்குக்கூட என் துணையில்லாமல் போனதில்லை.
ஆ) மகன் கல்யாணத்தில் நன்றி சொல்ல மைக்கை நீட்டியபோது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.
இ) ஜோடிப் போட்டி. தனி ஆளை ஏற்கமாட்டார்கள்.

ஆகவே நான் மறுக்க வேண்டியதில்லை. வராமல் இருந்தால் போதும். மறுப்பது வேறு, வராமல் இருப்பது வேறு என்று இங்கே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

என் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். கைகளிலும் மடிப்பு.

ஜூன் 14, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். பன்னிரண்டிலிருந்து மழை.

மண்டப வாசலில் அவளை இறக்கினேன். ஸ்ட்ராபெரிக் குடையைக் கொடுத்தேன். "கார நிறுத்திட்டு வர்றேன்" என்றேன். பின்பக்கம், கழிவறைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணாடியைப் பாதி இறக்கி உட்கார்ந்தேன். நீலச் சட்டையில்.

ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. அறிவிப்பாளர் முதலில் சிரித்தார்.

"அடுத்து, மேரி, அருளப்பன்!"

கொஞ்ச நேரம் கழித்து: "மேரி, அருளப்பன். மேடம் வந்துட்டாங்க, சார் எங்க லா?"

பிறகு: "அருளப்பன் ஐயா, கடைசித் தடவ கூப்பிடுறோம்."

வாயைத் திறந்தேன். "வந்தாச்சு" என்ற சொல் தொண்டைவரை வந்தது. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு என்ன போடுவார்கள் என்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த மலையில் இல்லை.

மைக் கரகரத்தது. மேரியின் குரல்.

"அவரு வரல. நீங்க மியூசிக் போடுங்க."

"ஜோடி இருக்கணும் மேடம். ரூல்ஸ்."

"ரெண்டு பேரு பாட்டயும் நானே பாடுறேன். மார்க் வேணாம்."

யாரோ சிரித்தார்கள். ராஜுவின் விசில், அது ஹாரனேதான். பிறகு இசை. முதலில் வருவது ஆண் வரிகள். நான்கையும் பாடினாள், குரலைத் தாழ்த்தி. இடைவெளி விடவில்லை.

முடிந்ததும் காரை அவளே தேடி வந்தாள். குடையை உதறி மடித்தாள். ஏறினாள்.

"பார்க்கிங் கெடச்சிச்சா?" என்று கேட்டாள்.

எண் 5 தவறு.